பிரஷர் அக்காவின் பொக்லைன்

அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரைத் தெரியாதவர்கள் உண்டு. பிரஷர் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளைப் பழுதுபார்ப்பது அவள் வேலை, அதனால்தான் அந்தப் பெயர் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் போனால் உண்மை தெரிந்துவிடும். ரப்பர் பல்பைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்கும் நர்ஸைப் பார்த்து, "இத கையால அமுக்குனீங்களா, இல்ல கால்ல போட்டு மிதிச்சீங்களா?" என்று அவள் கேட்கிற கேட்பில், எதிரே நிற்பவர்களுக்குப் பிரஷர் ஏறாமல் இருந்தால்தான் அதிசயம். பெயர் இரண்டு வகையிலும் பொருத்தம்.

அவளுடைய பட்டறை அடித்தளத்தில், துணி வெளுக்கும் அறைக்கும் ஆக்ஸிஜன் சிலிண்டர் அறைக்கும் நடுவில் இருந்தது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு பேசின் தண்ணீர். தண்ணீர் எதற்கு என்றால், ஓட்டை கண்டுபிடிக்க. அவள் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கிற வித்தை அவளுக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரியும். அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது, தம்பிக்கு ஒன்பது. வார்டில் தரை துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு டாக்டர் குப்பையில் வீசிய பிரஷர் மிஷினை எடுத்து, சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற மாதிரி ஒட்டி, மறுநாள் அவர் மேஜையிலேயே கொண்டுபோய் வைத்தாள். அன்றைக்குத் துடைப்பத்தைக் கீழே வைத்தவள்தான், அப்புறம் தொடவில்லை. இருபத்தேழு வருஷம் ஓடிவிட்டது.

ஒரு கருவியைச் சரிசெய்து முடித்ததும் முதலில் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய பாதரச மீட்டரோடு அதை இணைத்து, இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றனவா என்று பார்ப்பாள். அதோடு விட மாட்டாள். பட்டையைத் தன் இடது கையில் சுற்றி, காற்றடித்து, திருகை மெல்லத் திறந்து, தன் பிரஷரைத் தானே பார்ப்பாள். "மீட்டர் மீட்டரோட பேசுறது வேற, மனுஷக் கையோட பேசுறது வேற" என்பாள். அவள் கையில் எப்போதும் நூற்றிருபதுக்கு எண்பது. காட்டாவிட்டால் மிஷினில் கோளாறு என்று அர்த்தம், கையில் அல்ல. அவ்வளவு நம்பிக்கை அந்தக் கை மேல்.

எட்டு மாதமாகத்தான் ஏதோ ஒரு சனியன் பிடித்திருந்தது. சில நாள் சரியாக இருக்கும். சில நாள், சுவர் மீட்டரோடு ஒத்துப்போகிற கருவியே அவள் கையில் கட்டினால் நூற்றறுபது காட்டும். பிரித்துப் பார்ப்பாள், உள்ளே ஒன்றும் இருக்காது. மறுபடி கட்டுவாள், மறுபடி நூற்றறுபது. கடுப்பாகி, 'அதிகம் காட்டுகிறது' என்று சீட்டு எழுதி ஒட்டி மேல் தட்டில் ஏற்றிவிடுவாள். அப்படி ஏறியவை பதினேழு ஆகிவிட்டன. குழந்தைகள் வார்டு சிஸ்டர் ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. கோளாறு மிஷின்லதான் இருக்கணும்னு இல்ல..."

"வேற எங்க இருக்கும்? என் கை நீ பொறக்கறதுக்கு முன்னாடியே சரியா வேலை செஞ்ச கை!"

சிஸ்டர் வந்த வழியே போய்விட்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அக்காவின் தம்பி பொக்லைன் ஓட்டுகிறவன். அஸ்திவாரத்துக்கு மண் தோண்டுகிற, நீண்ட கையும் நுனியில் பல் வைத்த பக்கெட்டும் உள்ள மஞ்சள் வண்டி. அவனுக்கு வேலையிடத்தில் 'மட்டம்' என்று பெயர். திட்டுவதற்காக வைத்த பெயர் அல்ல. அவன் தரையை நிரவிவிட்டுப் போனால் அதன் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, குமிழி நடுவில்தான் நிற்கும். பதினாறு வருஷ வேலையில் காய்ச்சல் என்றுகூட ஒருநாள் மட்டம் போட்டதில்லை. "மட்டம் மட்டும் மட்டம் போட மாட்டான்" என்று சொல்லிச் சொல்லியே அங்கே இருந்தவர்கள் பொழுதை ஓட்டினார்கள்.

வண்டிக்கு முன்னால் நின்று சைகை காட்டுகிறவனுக்குக் 'கண்ணாடி' என்று பெயர். சீட்டில் இருப்பவனுக்குக் குழியின் அடி தெரியாது. இவன் பார்த்துச் சொல்ல வேண்டும். கையை விரித்து மெல்ல அசைத்தால் இறக்கு. முஷ்டியை மூடினால் நிறுத்து. பதினாறு வருஷமும் இந்த இரண்டு பேரும்தான். சாப்பாட்டு டப்பாவைக்கூட மாற்றி மாற்றித்தான் சாப்பிடுவார்கள்.

ஒருநாள் மண்ணோடு மேலே தூக்கிய பக்கெட், நின்ற இடத்திலிருந்து தொப்பென்று விழுந்தது. அதன் ஓரம் கண்ணாடியின் வலது காலில் பட்டது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே கம்பி வைத்து, இப்போது தடி ஊன்றி நடக்கிறான். விசாரணை நடந்தது. வண்டியின் கையைத் தூக்கிப் பிடிக்கிற எண்ணெய்க் குழாய் பழசாகி வெடித்துவிட்டது, ஓட்டுநர் மேல் தவறில்லை என்று முத்திரை குத்திய காகிதம் வந்தது. தம்பி அந்தக் காகிதத்தை ஒரு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தான்.

"அது எனக்காகப் பாவம் பாத்து எழுதினது. லீவர் என் கையிலதான் இருந்துச்சு. என் கை ஆடியிருக்கும்க்கா."

அவ்வளவுதான் சொன்னான். அதற்கப்புறம் அவன் வண்டியில் ஏறவில்லை. ஒரே ஒரு தடவை போனான். லீவரைப் பிடித்ததும் கை நடுங்கியது, இறங்கி வந்துவிட்டான். வீட்டில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பான். கண்ணாடி மூன்று தடவை பார்க்க வந்தான். மூன்று தடவையும் இவன் உள்ளறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். அக்காதான் வாசலில் நின்று ஏதோ உளறிச் சமாளித்தாள்.

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால் அக்கா, "அவன் மொதல்ல பண்ணட்டும்" என்பாள். தம்பியைக் கேட்டால், "அவ மொதல்ல பண்ணட்டும்" என்பான். இந்தப் பந்து அங்கும் இங்குமாகப் போய்க்கொண்டிருந்ததில் அவளுக்கு நாற்பத்தாறும் அவனுக்கு முப்பத்தாறும் ஆகிவிட்டது. அவனை ஒன்பது வயதிலிருந்து தலை வாரி வளர்த்தவள். அவன் இப்படிக் கல் மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை. அவள் உயிரே அவன்தான், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அந்த நேரத்தில்தான் வேலையிடத்து இன்ஜினியர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷன். "ஒண்ணாந்தேதி புது எடத்துல வேலை ஆரம்பிக்குதுக்கா. அதுவரைக்கும் இவன் சீட்ட நான் யாருக்கும் கொடுக்கல. அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார். ஒன்றாம் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. தம்பி தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுநாள் சிஸ்டர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். யாரோ வார்டுக்கு என்று கொடுத்துவிட்டுப் போனதாம். ஒன்றோடொன்று பொருத்துகிற பிளாஸ்டிக் கட்டைகள், இரண்டாயிரத்துக்கு மேல். சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளும். அதனால் யாராவது முழுசாகக் கட்டிக்கொடுத்தால் பலகையில் இறுக்கி வைத்துவிடலாம், பிள்ளைகள் லீவரை மட்டும் தொட்டு விளையாடட்டும் என்றாள்.

"மோட்டார் இருக்கு, பம்ப் இருக்கு, சிலிண்டர், டியூப்னு என்னென்னமோ இருக்கு. காத்துல ஓடுதாம். காத்துன்னா உங்க டிபார்ட்மென்ட்தானேக்கா?"

காத்து என்று சொன்னதும் அக்கா விழுந்துவிட்டாள். மூடியைத் திருப்பினாள். மேலே மஞ்சள் நிறத்தில் பளபளவென்று ஒரு பொக்லைன் படம்.

எட்டு மாதமாக அந்த வார்த்தையே வீட்டில் வரக்கூடாது என்று தெருவில் மண் லாரி போனால்கூட ஜன்னலைச் சாத்துகிறவள் அவள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், ஆனால் காற்றில் ஓடுகிற சாமானை விட மனசு வரவில்லை. பட்டறையிலேயே கட்டலாம் என்றால் இத்தனை பொடிச் சாமானும் அவளுடைய திருகுகளோடு கலந்து தொலையும். கடைசியில் படத்தின் மேல் ஒரு ஆஸ்பத்திரித் துண்டைப் போர்த்திப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். துண்டு எத்தனை நேரம் மறைக்கும்? சாப்பாட்டு மேஜையில் விரித்த ஐந்தாவது நிமிஷம் தம்பி எட்டிப் பார்த்தான், எழுந்து அறைக்குள் போய்விட்டான்.

நாலு நாள் சாயங்காலம் அவள் தனியாகத்தான் உட்கார்ந்து கட்டினாள். கட்டினாள் என்பதைவிட மல்லுக்கட்டினாள் என்பதுதான் சரி. துண்டுகளை நிறம் பார்த்துப் பிரித்து வைத்தாள். அப்புறம்தான் தெரிந்தது, ஓட்டை எண்ணித்தான் பிரிக்க வேண்டும். கறுப்பு ஆணி இறுக்கமாக நிற்கும், சாம்பல் ஆணி வழுக்கிச் சுழலும். இரண்டையும் மாற்றிப் போட்டு, வளைய வேண்டிய மூட்டெல்லாம் விறைத்துப் போய் நின்றது. எல்லாவற்றையும் பிடுங்கி, நகம் உடைந்து, மறுபடி போட்டாள். தம்பி அறைக் கதவைத் திறந்து வைக்க ஆரம்பித்தான். அப்புறம் ஜன்னலோர நாற்காலிக்கு வந்தான்.

ஐந்தாம் நாள் கையின் நுனியில் பக்கெட்டை மாட்டிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தாள்.

"அக்கா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பல்லு வெளிய பாத்துட்டு இருக்கு."

"எந்தப் பல்லு? என் பல்லா?"

"பக்கெட்டு பல்லுக்கா. அது உள்ள, சீட்ட பாத்துதான் இருக்கணும். பொக்லைன் மண்ணத் தன் பக்கமா இழுத்துதான் அள்ளும். நீ மாட்டியிருக்கிற மாதிரி மாட்டுனா எதிர்வீட்டுக்காரன் மேலதான் மண்ண வாரிப் போடும்."

எட்டு மாதத்தில் அவன் ஒரே மூச்சில் பேசிய பேச்சு இதுதான். பிற்பாடு இதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லாம், தம்பியைப் பேச வைக்கத்தான் அக்கா வேண்டுமென்றே திருப்பி மாட்டினாள், என்ன மூளை, என்ன மூளை என்று மெச்சினார்கள். சத்தியமாக இல்லை. அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் யாராவது மெச்சினால் இல்லை என்று மறுத்ததும் இல்லை.

"அவ்ளோ தெரிஞ்சவன் வந்து மாட்டு" என்றாள். வந்தான்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் மேஜையில்தான். எலும்புக்கூடு அவன் பொறுப்பு, காற்று அவள் பொறுப்பு. மோட்டார் சுற்றினால் ஒரு சின்னப் பம்ப் டிக் டிக் என்று காற்றை அமுக்கும். அந்தக் காற்று டியூப் வழியாகச் சிலிண்டருக்குப் போய்த் தண்டை வெளியே தள்ளும். தண்டு கையைத் தூக்கும். லீவரை முன்னே தள்ளினால் ஏறும், பின்னே இழுத்தால் இறங்கும், நடுவில் வைத்தால் அப்படியே நிற்கும். ஒவ்வொரு டியூபையும் அவள் அளந்து பிளேடால் வெட்டி, வாளித் தண்ணீரில் அமுக்கி, ஊதி ஊதிப் பார்த்தாள்.

"பொம்மைக்கெல்லாம் பஞ்சர் பாக்குறியா?" என்று அவன் சிரித்தான்.

சிரித்தான்! அவள் தலையை வாளிப் பக்கம் குனிந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவன் பார்த்துவிட்டால் சிரிப்பு நின்றுபோகுமே என்று பயம்.

முதல் தடவை ஓட்டிய அன்று சண்டை வந்தது. லீவரை லேசாகத் தள்ளியதும் கை துள்ளி உச்சிக்குப் போய் நின்றது. பின்னே இழுத்தால் ஒரே குதி.

"இது பொக்லைன் இல்ல, தவளை" என்றான் தம்பி. "நெசமான வண்டியில எண்ணெய். எண்ணெய் அமுங்காது. எவ்ளோ தள்றமோ அவ்ளோதான் நகரும். காத்துக்கு ஏது அந்தப் பொறுமை? அமுங்கி அமுங்கி இருக்கும், திடீர்னு பாயும்."

"காத்தக் கொறை சொல்லாத! காத்துதான்டா உன்னப் படிக்க வெச்சுது."

"நான் எங்க படிச்சேன்?"

"அது காத்தோட தப்பா?"

ஆனால் அவன் சொன்னது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. காற்றுக்குப் பொறுமை இல்லையாமே! அவள் பட்டறையில் காலையிலிருந்து மாலை வரை காற்று மெல்லத்தானே இறங்குகிறது? பல்பின் திருகைக் கால் சுற்றுத் திறந்தால் நொடிக்கு இரண்டு கோடு, மூன்று கோடு என்று பூனை மாதிரி இறங்குமே. காற்றுக்கு வழியைக் குறுக்கினால் பொறுமை தானாக வரும். மறுநாள் பழைய பல்புத் திருகுகளைக் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தாள். டியூப் அதற்குள் நுழையவில்லை. எரிச்சலோடு வார்டில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பிள்ளைக்குச் சலைன் ஏறுவதைப் பார்த்தாள். டியூபின் மேல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உருளை, கட்டை விரலால் உருட்டினால் டியூபை நசுக்கிச் சொட்டைக் குறைக்கும். தேதி முடிந்து ஒதுக்கிவைத்த சலைன் செட்டுகளிலிருந்து ஆறு உருளைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். உருளைக்கு ஏற்ற மாதிரி டியூபுகளைப் புதிதாக வெட்டி மாட்டினாள்.

தம்பி லீவரைத் தள்ளினான். கை ஏறியது. தூக்கத்திலிருந்து எழுகிற குழந்தை மாதிரி, நிதானமாக. இழுத்தான். அதே நிதானத்தோடு இறங்கியது.

"அடி சக்கை!" என்றான் தம்பி.

சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து ஒரு தட்டில் கொட்டினான். மூன்று லீவரையும் பியானோ வாசிக்கிறவன் மாதிரி மாற்றி மாற்றித் தொட்டு, பக்கெட்டின் அடியால் சர்க்கரையை நிரவினான். முடித்தபோது தட்டு கண்ணாடித் தகடு மாதிரி இருந்தது. அவன் கை நடுங்குகிறதா என்று அக்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். நடுங்கவில்லை. ஆனால் அவனுக்கே அது ஞாபகம் வந்ததும் சட்டென்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "இது பொம்மை" என்றான்.

ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கெட் நிறையச் சர்க்கரையை அள்ளி, கையை உச்சிக்குத் தூக்கி, லீவரை நடுவில் வைத்துவிட்டு அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். அக்கா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பட்டென்று ஒரு சத்தம். சிலிண்டரின் மூக்கிலிருந்து டியூப் கழன்று பறந்தது. தூக்கி நின்ற கை தொப்பென்று விழுந்தது. மேஜையெல்லாம் சர்க்கரை.

தம்பி பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். போச்சு, கட்டிய கோட்டையெல்லாம் போச்சு என்று அக்கா நினைத்தாள். எதையாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று நிமிர்ந்தபோதுதான் அவன் கைகளைப் பார்த்தாள். வலது கையில் டம்ளர். இடது கையில் பாதி கடித்த ரொட்டி.

"டேய்" என்றாள். "இப்ப உன் கை எங்கடா இருந்துச்சு?"

அவன் குனிந்து பார்த்தான். டம்ளரைப் பார்த்தான். ரொட்டியைப் பார்த்தான். லீவர் ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம், நடுவிலேயே நின்றது.

"அந்த டியூப கோணலா வெட்டுனது நான்" என்றாள் அக்கா. "பிளேடு மழுங்கிப்போச்சு, சோம்பேறித்தனமா அதுலயே வெட்டிட்டேன். ஒழுங்கா உக்காரல, கழண்டுருச்சு. நீ என்னடா பண்ண?"

"அன்னைக்கு என் கை லீவர்லதான்க்கா இருந்துச்சு."

"இருக்கட்டுமே. வை. இப்ப வை."

டியூபை மறுபடி செருகினாள். அவன் வண்டியின் கையை உச்சிக்குத் தூக்கினான். லீவரை விடாமல் மேலே, மேலே என்று தள்ளிப் பிடித்துக்கொண்டான். அவள் டியூபைப் பிடுங்கினாள். விழுந்தது. மறுபடி செய்யச் சொன்னான். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை அவன் லீவரைக் கட்டை விரல் வெளுக்கிற அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தான், அப்போதும் விழுந்தது. அவன் லீவரிலிருந்து கையை எடுக்காமலே அழ ஆரம்பித்தான். எட்டு மாதத்து அழுகை அது. அக்கா எழுந்துபோய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வயதில் பிடித்துக்கொண்ட அதே பிடி.

"காகிதத்துல எழுதியிருந்தாங்களேடா, முட்டாளே" என்றாள்.

"காகிதத்துல எழுதுனா எப்படிக்கா தெரியும்?" என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா கண்ணாடி முகத்துல எப்படிக்கா முழிப்பேன்? மூணு தடவ வந்தான், மூணு தடவையும் கதவச் சாத்துனேன்" என்றான். அக்கா சர்க்கரையைக் கூட்டி அள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே கண்ணாடியின் வீட்டுக்குப் போனாள். அவன் தடியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"திட்டவா வந்தீங்கக்கா? திட்டுங்க, தப்பில்ல. நான் கோட்டத் தாண்டி ஒரு அடி உள்ள நின்னுட்டேன். பதினாறு வருஷமா அவன்கூட நின்ன தைரியம். அதனாலதானே அவன் சீட்டு போச்சு, அதனாலதானே என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறான்?"

அங்கே ஒருத்தன் தன்னால் இவன் கால் போச்சென்று உட்கார்ந்திருக்கிறான். இங்கே ஒருத்தன் தன்னால் அவன் பிழைப்பு போச்சென்று உட்கார்ந்திருக்கிறான். நடுவில் இவள் வாசலில் நின்று எட்டு மாதமாக உளறியிருக்கிறாள். "ரெண்டு பேரையும் கட்டி வெச்சு ஒதைக்கணும்" என்றாள். "கெளம்பு."

தம்பி மேஜையில் இருந்தான். தடிச் சத்தம் கேட்டதும் எழுந்தான். உள்ளறைக் கதவுக்கும் அவனுக்கும் நடுவில் அக்கா போய் நின்றுகொண்டாள். கண்ணாடி நாற்காலியை இழுத்துப் போட்டு வண்டிக்கு எதிரே உட்கார்ந்தான். ஒரு சுற்றுப் பார்த்தான்.

"பல்லெல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்க" என்றான்.

அக்கா வேறு பக்கம் பார்த்தாள்.

கண்ணாடி தன் இடது உள்ளங்கையை மேஜையில், தூக்கி நின்ற பக்கெட்டுக்கு நேர் கீழே கவிழ்த்து வைத்தான். வலது கையை உயர்த்தினான். விரலை விரித்து மெல்ல அசைத்தான். இறக்கு.

"கைய எடு" என்றான் தம்பி.

"எறக்குடா."

"வேணாம். டியூபு கழண்டுரும்."

"கழண்டா வலிக்கும், கைய உதறிக்குவேன். நான் குழாய நம்பி நிக்கலடா, எப்பவும் உன்ன நம்பித்தான் நின்னேன். இப்பவும் நிக்கிறேன். எறக்கு."

தம்பி உட்கார்ந்தான். லீவரை இரண்டு விரலால் தொட்டான். பம்ப் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது, அக்காவின் நெஞ்சு அதைவிட வேகமாக அடித்துக்கொண்டது. பக்கெட் இறங்கியது. கண்ணாடியின் விரல்கள் அசைந்துகொண்டே இருந்தன. தம்பி வண்டியைப் பார்க்கவில்லை, அந்த விரல்களை மட்டும்தான் பார்த்தான். கையின் மேல் ரோமத்தைப் பல் தொட்டது. முஷ்டி மூடியது. பக்கெட் நின்றது. இடையில் ஒரு காகிதம்தான் நுழையும்.

கண்ணாடி, "பரவால்ல, மட்டம்னு பேரு வெச்சது வீண் போகல" என்றான். தம்பி எழுந்து மேஜையைச் சுற்றி வந்து அவன் முறிந்த காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். என்ன பேசிக்கொண்டார்கள் என்று அக்காவுக்குத் தெரியாது. டீ போடப் போனவள், சர்க்கரை எங்கே என்று தெரியாமல் சமையலறையிலேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள். சர்க்கரை மேஜையில்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஒன்றாம் தேதி. காலையில் இரண்டு டப்பாவில் சாப்பாடு கட்டினாள், கண்ணாடிக்கும் சேர்த்து. அவனுக்கு இனி நிற்கிற வேலை முடியாது. உட்கார்ந்து வண்டிக் கணக்குப் பார்க்கிற வேலை தருவதாக இன்ஜினியர் சொல்லியிருந்தாராம். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன்க்கா" என்றான். போனான். போனான் சரி, ஏறுவானா? லீவரைத் தொட்டதும் மறுபடி நடுங்கினால்? அவள் பட்டறையில் உட்கார்ந்து ஒரே திருகைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, பத்து மணி வரை வேறு ஒரு வேலையும் செய்யவில்லை.

போன் அடித்தது. இன்ஜினியர். பின்னால் பெரிய இரைச்சல்.

"அக்கா! மட்டம்..." இரைச்சலில் மீதி கேட்கவில்லை.

"என்ன? மட்டம் போட்டுட்டானா?"

"மட்டம் போட்டுட்டுத்தான் இருக்கான்க்கா! தரைக்கு! வந்ததுலருந்து எறங்கவே இல்ல!"

போனை வைத்தாள். நாற்காலியில் ஏறி மேல் தட்டிலிருந்து 'அதிகம் காட்டுகிறது' ஒன்றை எடுத்துத் தூசி தட்டினாள். இடது கையில் பட்டையைச் சுற்றினாள். காற்றடித்தாள், திருகைத் திறந்தாள். நூற்றிருபத்திரண்டு. இன்னொன்றை எடுத்தாள். நூற்றிருபது. மதியத்துக்குள் பதினேழையும் கட்டிப் பார்த்துவிட்டாள். ஒன்றில்கூடக் கோளாறு இல்லை. பதினேழு சீட்டையும் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு வார்டுக்குப் போன் செய்தாள். சிஸ்டர் வந்து மேஜையில் வரிசையாக நின்ற கருவிகளைப் பார்த்தாள்.

"எல்லாம் சரியாயிடுச்சா? அப்ப எதுலக்கா கோளாறு?"

பிரஷர் அக்கா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"மிஷின்ல இல்லம்மா" என்றாள். "நீ சொன்னது சரிதான். எடுத்துட்டுப் போ."